கிருபாவிடம் இன்னொரு நகல்

இந்த பஸ்ஸு நாசரேத்துதானே போகுது? போர்டுல போட்டிருக்கான், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும்லா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. பையை மேல வைக்கலாம்தான், வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள லேப்டாப்பு இருக்கு.

நீங்க நாசரேத்துக்காரரா? நல்லதாப் போச்சு. அங்க ஜெபகிருபான்னு ஒரு பிள்ளை, கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை, அவங்க அப்பா பஜார்ல தையக்கடை வச்சிருக்காராம். தெரியுமா? தெரியாதா. சரி, எறங்கி விசாரிச்சுக்கிடுதேன். பொண்ணு பாக்கவா? அட நீங்க ஒண்ணு! இது ஆபீஸ் சோலி. அந்தப் பிள்ளை எனக்குக் கீழ வேலை பாத்தா. திருடின்னு சொல்லி நான்தான் வீட்டுக்கு அனுப்பினேன். இப்போ நானே தேடிப் போறேன். போன்ல பேசிருக்கலாமேம்பிய. அவ வச்சிருந்தது ஆபீஸ் சிம்மு. போகும்போது அதையும் கழட்டி வாங்கிட்டேன்லா.

எம்பேரு கோமதிநாயகம். திருநெல்வேலியில பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு. பேரு வேண்டாம், பஸ்ஸுல யார் யார் இருக்காங்களோ. டாக்டர் இல்ல நான். ஆனா டாக்டர்மாரு அத்தனை பேரும் என் கையை எதிர்பாத்துதான் நிக்கணும். எப்படிங்கிய? ஒரு ஆளுக்கு ஸ்கேன் எடுக்காங்க, ரத்தம் பாக்காங்க, புத்துநோய்க்குக் கரண்டு வைக்காங்க, அதான் ரேடியேஷன். எங்க வச்சாங்க, எந்தப் பக்கமா வச்சாங்க, இதுவரைக்கும் எவ்வளவு உள்ள போயிருக்கு, எல்லாக் கணக்கும் ஒரே ரூமுக்கு வந்து சேருது. ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரி, உள்ள வரிசையா டிஸ்க்கு. ஸ்டோரேஜுன்னு சொல்லுவோம். அந்த ரூமுக்குப் பொறுப்பு நான். சாவி எங்கிட்ட, பாஸ்வேர்டு எங்கிட்ட. எம்.டி.யே உள்ள வரணும்னாலும் செருப்பைக் கழட்டிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் வருவாரு.

எவனையும் நம்ப மாட்டேன் அண்ணாச்சி. அதுதான் என் தொழிலே. ஒருத்தன் பென்டிரைவைக் கொண்டாந்து சொருகுனான்னு வைங்க, உள்ள வைரஸ் வந்து மொத்தத்தையும் பூட்டிட்டுப் பணம் கேப்பான். ஒருத்தி வெளிய எடுத்துட்டுப் போனான்னு வைங்க, நாளைக்கு எந்த ஊர்ப் பெரிய மனுசனுக்கு என்ன சீக்குன்னு டீக்கடையில பேசுவாங்க. க்ளவுடு க்ளவுடுன்னு கம்பெனிக்காரன் டை கட்டிட்டு வந்து நின்னான். நம்ம வீட்டுப் பொருளை அடுத்தவன் வீட்டுல கொண்டு வைக்கச் சொல்லுதியான்னு விரட்டி விட்டேன். நான் பொறுப்புக்கு வந்த நாள்ல இருந்து ஒரு துரும்பு வெளிய போனது கிடையாது.

இருங்க, போனு. எம்.டி.தான். சார்... ஆமா சார், பஸ்ஸு ஏறியாச்சு. கிருஷ்ணாபுரம் தாண்டிட்டோம் சார். இல்ல சார், கார் சீக்கிரம் போகும்தான், டிரைவருக்கு விஷயம் தெரிஞ்சா ஊரு பூரா தெரிஞ்சிரும்லா, அதான். சரி சார். வாங்கிட்டு வந்துருதேன் சார். அக்காகிட்ட நான் வந்துட்டே இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க சார்.

அக்கான்னா எங்க அக்கா, பகவதி. அவளுக்கும் அங்கதான் வைத்தியம். நாக்குக்கு அடியில கட்டி. கரண்டு வைக்கணும்னாங்க. வாரத்துக்கு அஞ்சு நாளு, பாதிக்கு மேல வச்சாச்சு. கட்டி சுருங்கிட்டு வருது, டாக்டரே சந்தோசப்பட்டாரு. எங்க அம்மா போன பொறவு எனக்கு அம்மா அவதான். எனக்குப் பொண்டாட்டி பிள்ளை கிடையாது, சோறு போட்டது பூரா அவதான். அவளைத்தான் நேத்து மெசினுக்கு முன்னாடி உக்கார வச்சு, இன்னைக்குக் கிடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. என் ஆஸ்பத்திரியில. என் அக்காவை.

அந்தப் பிள்ளை கதைக்கு வாரேன். கிருபா வந்து சேந்த புதுசுல நல்லாத்தான் இருந்தா. சாரு சாருன்னு சொன்ன வேலையைச் செய்வா. பொறவு கேள்வி கேக்க ஆரம்பிச்சா பாருங்க. அவ்வளவும் கேள்வி. "சார், ஸ்டோரேஜும் பேக்கப்பும் ஒரே ரூமுல இருக்கே, ரூமுக்கே ஏதாவது ஆயிட்டா என்ன சார் செய்வோம்?"ங்கா. ரூமுக்கு என்ன ஆகும்? ரூமு என்ன எந்திரிச்சு ஓடிருமா? தாமிரபரணி வெள்ளம் வந்தாகூட நாம மூணாவது மாடி. கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்கு. தீப்புடிச்சா மேல இருந்து தானா கேஸ் அடிச்சு அணைச்சிரும், தண்ணி கிடையாது, மெசினுக்கு ஒண்ணும் ஆகாது. அம்புட்டு ஏற்பாடும் நான் நின்னு செஞ்சது.

இன்னொரு நாள் கேக்கா, "பேக்கப்புல இருந்து எப்பவாவது திருப்பி எடுத்துப் பாத்திருக்கீங்களா சார்?" தினமும் காலையில எனக்கு மெயில் வருது, பேக்கப் முடிஞ்சதுன்னு பச்சையா டிக் போட்டு வருது. அதைத் திருப்பி எடுத்து வேற பாக்கணுமாம். பூட்டின வீட்டை மறுபடியும் திறந்து, பூட்டியிருக்கான்னு பாக்கச் சொல்லுதா. சரியான கோட்டிக்காரி, கிறுக்கின்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சது மட்டும் இல்ல, வாய்விட்டுச் சொல்லிப்புட்டேன்.

எல்லாத்துக்கும் மெயில் வேற போடுவா. ஒரு நாளைக்கு எத்தனை மெயில் வருது எனக்கு, எல்லாத்துக்கும் பதில் போட்டுட்டிருந்தா சோலியைப் பாக்க வேண்டாமா? பதில் வரலைன்னா பேசாம இருக்கணும். அதுதான் ஆபீஸு.

அப்பவே எனக்கு ஒரு சந்தேகம் தட்டிப் போச்சு. இவ சனிக்கிழமை சாயங்காலமானா கொஞ்சம் தங்கிட்டுப் போறா. எதுக்குத் தங்குதா? ஹாஸ்டலுக்குப் போற பிள்ளைக்கு ஆபீஸுல என்ன சோலி? செக்யூரிட்டிகிட்ட சொல்லி வச்சேன், அந்தம்மா பையைப் பாருய்யான்னு. பாத்தான். சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழ துண்டுல சுத்தி ஒரு ஹார்டு டிஸ்க்கு.

எப்படி இருக்கும் சொல்லுங்க. என் ரூமுல இருந்து. என் மூக்குக்குக் கீழ. ரத்தம் அப்படியே தலைக்கு ஏறிட்டு. கேட்டா அழுகா. "கரண்டு வைக்கிறவங்க ஃபைலு மட்டும்தான் சார். மத்தவங்க ஸ்கேன் போனா மறுபடியும் எடுத்துக்கலாம். இவங்க நடுவழியில நிக்கிறவங்க சார், இதுவரைக்கும் எவ்வளவு வச்சோம்னு தெரியாம மேற்கொண்டு வைக்க முடியாது. ரூமுல எதாவது ஆனா வெளிய ஒண்ணு இருக்கட்டும்னுதான் வாராவாரம் எடுத்தேன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டித்தான் வச்சிருக்கேன், யாராலயும் திறக்க முடியாது. உங்களுக்கு மெயில் போட்டேனே சார், நீங்க வேண்டாம்னு சொல்லலையே"ங்கா. கேட்டியளா? வேண்டாம்னு சொல்லலையாம். வேண்டாம்னு சொல்லாததை எல்லாம் செய்யலாம்னா, நாளைக்கு அலமாரியையே தூக்கிட்டுப் போயிருப்பா.

விசாரணை வச்சாங்க. எம்.டி., ஹெச்.ஆர். மேடம், நானு. நான் எழுதிக் கொடுத்தேன், ஒண்ணு விடாம எழுதினேன். டிஸ்க்கு எடுத்தது. கோட்டிக் கேள்வி கேட்டது. தீயணைப்புப் பெட்டியைத் தொட்டது.

அது என்னன்னு கேக்கியளா? அது போன வருஷம் நடந்தது. ஆயுத பூஜைக்கு எங்க ரூமுல விசேசமா செய்வோம். அலமாரிக் கதவுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், பொரி, சுண்டல், வாழைப்பழம், மாலை. நான்தான் சூடம் காட்டுவேன். எல்லா டிபார்ட்மெண்டும் வந்து கும்பிட்டுட்டுப் போவாங்க. நம்ம கைக்குச் சோறு போடுற பொருளு, ஒரு நாளாவது கும்பிடாண்டாமா? அன்னைக்குன்னு பாத்து இந்தப் பிள்ளை, "சார், உள்ள சூடம் வேண்டாம் சார், வெளிய வச்சு ஏத்திக்கலாம்"ங்கா. எனக்குச் சுள்ளுன்னுச்சு. "உங்க கோயில்ல நீ மெழுகுவத்தி ஏத்தும்போது நான் வந்து ஊதி அணைக்கேனா?"ன்னு கேட்டேன். அத்தனை பேரும் நிக்காங்க. அவ முகம் செத்துப் போச்சு. வெளிய போனா. கதவுப் பக்கத்துல சுவத்துல ஒரு சின்னப் பெட்டி உண்டு, கேஸ் அடிக்கிற மெசினுக்குள்ளது. அதுல ஒரு சாவியைப் போட்டுத் திருகுனா. பூஜை முடிஞ்சு புகை எல்லாம் அடங்குன பொறவு வந்து திரும்பவும் திருகுனா. என்னமோ கோவத்துல நோண்டுதான்னு நினைச்சேன். அதையும் எழுதினேன், அனுமதி இல்லாம தொட்டது தப்புதானே.

விசாரணையில எல்லாரும் அவளைப் பாத்துக் கொஞ்சம் இரக்கப்படத்தான் செஞ்சாங்க, நான் பொய் சொல்ல மாட்டேன். எம்.டி. கேட்டாரு, "இது ஒண்ணுதானாம்மா, வேற எங்கயாவது நகல் வச்சிருக்கியா?"ன்னு. "இது ஒண்ணுதான் சார். எங்க அப்பா மேல சத்தியமா வேற இல்ல"ன்னா. நான் விடல. "பொய் சொல்லுதா சார். வாராவாரம் எடுத்தவ ஒண்ணே ஒண்ணா வச்சிருப்பா? திருடுறவ ஒரு நகலோட நிக்க மாட்டா. வீட்டுல நிச்சயமா இன்னொண்ணு இருக்கு. எழுதித் தாரேன்"னு மேஜையத் தட்டிச் சொன்னேன். அதுக்குப் பொறவுதான் எம்.டி. தலையை ஆட்டுனாரு. அன்னைக்கே அனுப்பியாச்சு. அனுபவச் சான்றிதழும் கிடையாது. மூணு வாரம் ஆகுது.

டிஸ்க்கா? அதை அழிச்சாச்சு. சும்மா டெலிட் பண்ணுனா திருப்பி எடுத்துருவான். அதனால எம்.டி. கண்ணு முன்னாடி வச்சு, மேல மேல எழுதி எழுதி அழிச்சேன். பொறவு டிரில்லிங் மெசினை வரச் சொல்லி ஓட்டை போட்டேன். அது எனக்குக் கைவந்த வேலை. நான் அழிச்ச டிஸ்க்குல இருந்து ஆண்டவனே வந்தாலும் ஒரு எழுத்து எடுக்க முடியாது. எம்.டி. என் தோளைத் தட்டி, "உங்களை மாதிரி ஒரு ஆள் இருக்கறதுனாலதான் நான் நிம்மதியா தூங்குதேன்"னாரு. அதே மனுசன்தான் இப்போ போன்ல கத்துனாரு, கேட்டிருப்பிய.

என்ன ஊரு இது? கருங்குளமா? பஸ்ஸு ஏன் இப்படி உருட்டுதான்? டிரைவர்கிட்ட யாராவது சொல்லக் கூடாதா?

சரி, ஆயுத பூஜை வந்துச்சு. முந்தாநாளுதான். எப்பவும் போல சந்தனம், குங்குமம், பொரி. போன வருஷத்தைவிட இந்த வருஷம் நல்லாச் செய்யணும்னு எனக்கு. ஏன்னா அக்கா குணமாகிட்டு வாரா, ஒரு பெரிய கட்டி சூடமா வாங்கிட்டு வந்தேன். தட்டுல கொளுத்தி, அலமாரிக்கு நேரா மூணு சுத்து சுத்துதேன். எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிடுதாங்க. எங்கயோ ஊஊன்னு ஒரு மணி அடிச்சுச்சு. பூஜை மணியோட மணியா நான் அதைக் காதுல வாங்கல. ஒருத்தன், "சார், மேல லைட்டு சிவப்பா எரியுது"ங்கான். எல்லாரும் வெளிய ஓடுங்கன்னு எவனோ கத்துதான். தட்டைப் போட்டுட்டு ஓடினேன் பாருங்க, கதவைத் தாண்டின உடனே உள்ள ஒரு சத்தம். ஏரோபிளான் தலைக்கு மேல போன மாதிரி. ஐயோ, அந்தச் சத்தம். காதைப் பொத்திட்டு உக்காந்துட்டேன். சுவரே அதிருது. சூடப் புகையைத் தீன்னு நினைச்சு கேஸ் அடிச்சிருக்கு.

புகை அடங்கினதும் உள்ள போனேன். தீ இல்ல, ஒரு கரி கூட இல்ல. மாலை கூட வாடல அண்ணாச்சி. அப்பாடான்னு மூச்சு விட்டேன். ஸ்கிரீனைப் பாத்தா ஒவ்வொரு டிஸ்க்கா செத்துக்கிட்டு வருது. ஸ்டோரேஜுலயும், பக்கத்துல இருந்த பேக்கப்புலயும். பச்சையா இருந்த லைட்டெல்லாம் ஒண்ணு ஒண்ணா மஞ்சளாகி, சிவப்பாகி. நான் கையைப் பிசைஞ்சுட்டு நிக்கேன், ஒண்ணும் செய்ய முடியல.

ஸ்டோரேஜு கம்பெனிக்காரன் மதுரையில இருந்து வந்து பாத்துட்டுச் சொல்லுதான், சத்தத்துல செத்திருக்காம். கேஸ் அத்தனை வேகமா குழாய்ல வரும்போது வாற சத்தமே டிஸ்க்கை உலுக்கி உள்ள கீறிருமாம். சத்தத்துக்கு டிஸ்க்கு சாகுமா? என் காதே நல்லாத்தான் இருக்கு. பூஜை போடுறதுக்கு முன்னாடி அந்தச் சுவத்துப் பெட்டியில சாவியைத் திருகி நிறுத்தி வச்சிருக்கணுமாம், அப்போ தானா அடிக்காதாம். அப்பத்தான் எனக்குத் தெரியுது, அந்தப் பிள்ளை போன வருஷம் எதைத் திருகுனான்னு. அதை அவ வாயைத் திறந்து சொல்லியிருக்கணுமா, இல்லையா? அத்தனை விவரம் தெரிஞ்சவ, எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும்லா? மேல அதிகாரின்னு ஒரு மரியாதை இருந்தா சொல்லியிருப்பா.

டிஸ்க்கை எல்லாம் பெங்களூருக்கு அனுப்பியிருக்கு. வருமான்னு தெரியாது, வந்தாலும் மாசக்கணக்கு ஆகும்னுட்டான். அதுவரைக்கும் எங்க அக்கா கட்டி காத்துக்கிட்டு இருக்குமா? காகிதத்துல இருக்கும்லான்னு கேப்பிய. காகிதமே கூடாதுன்னு போன தைக்கு நிறுத்தினதே நான்தான். காகிதம்னா கண்டவனும் பாப்பான்.

டாக்டர் என்னை உள்ள கூப்பிட்டுச் சொன்னாரு, நல்ல மனுசன், குரலை உசத்தாம சொன்னாரு. "இடையில விட்டா கட்டி திரும்ப வளரும், நாயகம். அதுக்காக கண்ணை மூடிட்டு மறுபடியும் வைக்க முடியாது. முதுகுத்தண்டு பக்கம் எவ்வளவு போயிருக்குன்னு தெரியாம கூட வச்சிட்டேன்னா, அவங்க கையும் காலும் விழுந்துரும். அந்தப் பழைய ஃபைல் வேணும். மூணு வாரத்துக்கு முந்தினதா இருந்தாலும் போதும், அதுக்கப்புறம் வச்சதை நாங்க சரி பண்ணிக்கிடுதோம்"னாரு. மூணு வாரத்துக்கு முந்தினது. அதை அவர் சாதாரணமாத்தான் சொன்னாரு. நான் ஓட்டை போட்ட டிஸ்க்குல இருந்தது அதேதான்.

அக்காவால இப்போ சரியாப் பேச முடியாது. வாயெல்லாம் புண்ணு, கஞ்சி கூட டியூப்புலதான் இறங்குது. நர்ஸுமாரு பேசினதைக் கேட்டிருக்கா. என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, குழறிக் குழறிக் கேக்கா, "அந்தப் பிள்ளை எடுத்து வச்சிருந்துச்சாமே?" ஆமான்னேன். "அதை என்ன செஞ்ச?"ன்னு கேக்கா. நான் சன்னலைப் பாத்துக்கிட்டு நின்னேன். "போய்க் கேளு. காலுல விழுந்தாவது கேளு"ங்கா. அவ கண்ணுல தண்ணி அண்ணாச்சி. அக்கா அழுது நான் பாத்ததே இல்ல.

நான் காலுல எல்லாம் விழ மாட்டேன். தப்பு செஞ்சவ அவ. முறைப்படி பேசுவேன். இந்தா பாரு, நடந்தது நடந்துபோச்சு, உன்மேல உள்ள புகாரை நான் திருப்பி எடுத்துக்கிடுதேன், சான்றிதழ் கையோட கொண்டு வந்திருக்கேன், எம்.டி. கையெழுத்தே இருக்கு, நீ வச்சிருக்கற இன்னொரு நகலை எடு, பாஸ்வேர்டைச் சொல்லுன்னு கேப்பேன். கொடுத்துட்டான்னா ஒரு மனுசியாகிட்டா. மன்னிச்சு விட்டுரலாம்.

என்ன கேட்டிய? ஆமா, வேற இல்லன்னுதான் சொன்னா. அப்பா மேல சத்தியம் பண்ணித்தான் சொன்னா.

சத்தியம் எல்லாரும் பண்ணுவாங்க அண்ணாச்சி. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். அப்படிப் பாக்காதிய. அவ பொய்தான் சொன்னா. மூணு பேர் முன்னாடி மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்கேன்லா, சும்மாவா சொன்னேன்? எனக்குத் தெரியாதா? திருடுறவ ஒரு நகலோட நிக்க மாட்டா. நிக்க மாட்டா. வீட்டுல எங்கயாவது, துணிக்கு நடுவுல, அப்பா கடை அலமாரியில, எங்கயாவது ஒண்ணு வச்சிருப்பா. வச்சிருக்கணும்.

அவ சொன்னது நிஜம்னா? அப்போ இருந்த ஒண்ணே ஒண்ணை நான்தானே... வேண்டாம் அண்ணாச்சி, அந்தப் பேச்சு வேண்டாம்.

பஸ்ஸு நிக்கப் போகுதோ? பஜார் இதுதானா? கொஞ்சம் காலை ஒடுக்குங்க, எறங்கிக்கிடுதேன். நீங்க வயசுல மூத்தவரா இருக்கிய, எனக்காக ஒண்ணு செய்யுங்க. எந்தச் சாமியைக் கும்பிடுவியளோ அந்தச் சாமிகிட்ட ஒரு வார்த்தை வேண்டிக்கிடுங்க. திருநெல்வேலியில ஏறினதுல இருந்து நானும் அதைத்தான் வேண்டிக்கிட்டு வாரேன். அந்தப் பிள்ளை திருடியா இருக்கணும் அண்ணாச்சி. நல்ல பிள்ளையா மட்டும் இருந்துரக் கூடாது.